முப்பது நாள் கெடு

ஜிம் தார்ப்பின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம், அவர் வென்ற பதக்கங்களைவிட அவற்றைப் பறித்த விதியே என் மனத்தை உறுத்துகிறது.

அமெரிக்கப் பூர்வகுடியான சாக்-ஃபாக்ஸ் இனத்தில், இன்றைய ஓக்லஹோமா மண்ணில் 1887-இல் பிறந்தவர் தார்ப். இரட்டையரான உடன்பிறந்தவனைச் சிறு வயதிலேயே இழந்தார். பூர்வகுடிச் சிறாரின் மொழியையும் வழக்கத்தையும் களைவதற்கென்றே நடத்தப்பட்ட கார்லைல் விடுதிப் பள்ளியில்தான் அவருடைய ஆற்றல் வெளிப்பட்டது, வரலாற்றின் விந்தைதான்.

1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகாத்லான் இரண்டிலும் அவருக்கே தங்கம். டெகாத்லான் என்பது நான்கு ஓட்டம், மூன்று தாண்டுதல், மூன்று எறிதல் என ஒருவரே பத்துப் போட்டிகளில் ஈடுபடுவது. காவலர் தேர்வுக்காகக் குற்றாலம் சாலையில் சாரலையும் பொருட்படுத்தாமல் விடியலில் ஓடும் எங்கள் தென்காசி இளைஞர்களுக்கு, ஓட்டத்தில் தேறியவருக்கு நீளம் தாண்டுதல் கைகொடுப்பதில்லை என்பது தெரியும். தார்ப்போ இரண்டாமவரான ஸ்வீடனின் வீஸ்லாண்டரை ஏறத்தாழ 700 புள்ளிகள் விஞ்சினார். இரு கால்களிலும் வெவ்வேறு காலணிகளுடன் அவர் நிற்கும் ஒலிம்பிக் படம் இன்றும் காணக் கிடைக்கிறது.

1913 தொடக்கத்தில் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. கோடை விடுமுறையில் சொற்பப் பணத்துக்குப் பேஸ்பால் ஆடியதால் அவர் தொழில்முறை வீரராம்! வேறு மாணவர்கள் புனைபெயரில் ஆடித் தப்பினர். இவர் சொந்தப் பெயரில் ஆடினார். ஆட்சேபத்தை முப்பது நாள்களுக்குள் எழுப்ப வேண்டும் என்ற ஒலிம்பிக் விதியை எவரும் பொருட்படுத்தவில்லை. உழைத்துப் பிழைக்கும் தேவை இல்லாதவர்கள் வகுத்த விதி அது. அதே அளவுகோலை இங்கே வைத்தால், கோயில் கொடையையொட்டி நடக்கும் கபடிப் போட்டியில் பரிசுப் பணம் பெற்ற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மிஞ்சுவர்? அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924-இல்தான் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பின்னர் பேஸ்பாலிலும் அமெரிக்கக் கால்பந்திலும் புகழ்பெற்றார். ஆட்டக்காலம் முடிந்ததும் வறுமை சூழ்ந்தது. திரைப்படங்களில் சிறு வேடம், கூலி வேலை. 1953-இல் மறைந்தார்.

1982-இல் ஒலிம்பிக் குழு அவரை இணை வெற்றியாளராக மட்டும் ஏற்றது. தனி வெற்றியாளர் என்னும் பெயர் 2022-இல்தான் திரும்பியது. பிறந்த மண்ணில் அடக்கம் செய்ய மகன்கள் தொடுத்த வழக்கு தோற்றது. அவர் பெயரையே சூட்டிக்கொண்ட பென்சில்வேனியா ஊர் ஒன்றில் அவர் உடல் இன்றும் இருக்கிறது.