ஆசிரியரை உலகு காண அனுப்பிய அல்பேட் கான்

கலாசாலைக்கு மண்டபங் கட்டிக் கொடுத்தோர் உளர். நூல்நிலையத்துக்கும் விடுதிக்கும் ஏழை மாணாக்கரின் உணவுக்கும் பொருள் வழங்கியோரும் உளர். ஆனால், ஆசிரியர் ஒருவரைக் கப்பலேற்றி, உலகைச் சுற்றிக் கண்டு வந்து பின்னர் வகுப்பிற் பாடஞ் சொல்லுமாறு பொருள் உதவியோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் பிரான்சு தேசத்துத் தனவந்தராகிய அல்பேட் கான். அவர் சேர்ப்பித்த நிறப்படங்களை இன்று பலரும் அறிவர். அவர் ஆசிரியர்க்குச் செய்த உதவியை அறிந்தோர் தொகை குறைவு. எமது கலாசாலையின் விழா மலரிலே அதனைக் கூறுதல் பொருத்தமெனக் கருதினோம்.

கான் 1860ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி அல்சாசு மாகாணத்து மார்மூத்தியே என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் மாட்டு வியாபாரி. கானுக்குப் பதினொரு வயதானபோது, போரிலே தோல்வியுற்ற பிரான்சு அல்சாசை செருமனிக்குக் கையளிக்க நேர்ந்தது. பிறந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் தேசம் மாறிவிட்டது. எல்லைக்கோடு மனிதரை என்ன செய்யும் என்பதை அச்சிறுவர் பூமிசாத்திரப் புத்தகத்திற் படித்தறியவில்லை.

பின்பு பாரிசுக்கு வந்து, 1879இல் வங்கியொன்றில் எழுதுவினைஞராய் அமர்ந்தார். பகலிற் கணக்கு, இரவிற் படிப்பு. இரவிலே பாடஞ் சொல்ல அமர்த்திய ஆசிரியர், அப்போது மாணவராயிருந்த ஆன்றி பேர்க்சன். பிற்காலத்திற் பெருந் தத்துவஞானியாகி, 1927ஆம் ஆண்டுக்குரிய இலக்கிய நோபெல் பரிசினைப் பெற்றவர். ஆசிரியர் மாணாக்கரிலும் ஐந்து மாதமேனும் மூத்தவரல்லர். ஆயினும் அவ்வுறவு குருசீட உறவாய்த் தொடங்கி ஆயுள் முழுவதும் நட்பாய் நிலைத்தது. நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தால் எழுதுவினைஞன் மனம் எவ்வளவு விரியும் என்பதைக் கான் தம்மிடத்தே கண்டார். பின்னர் அவர் ஆசிரியரைத் தேடிக் கொடுத்தமைக்கு இதுவே மூலகாரணம் என்பது எம் எண்ணம்.

செல்வம் அவரிடம் விரைந்து சேர்ந்தது. தென்னாபிரிக்கப் பொன், வைரச் சுரங்கப் பங்குகளில் இட்ட பணம் பன்மடங்காய்ப் பெருகிற்று. 1892இல் வங்கியின் பங்காளியானார். 1898இற் சொந்த வங்கி நிறுவினார். அதே 1898ஆம் ஆண்டிலேயே, உலகைச் சுற்றுதற்குரிய பயணப் புலமைப்பரிசிலைப் பாரிசுச் சர்வகலாசாலை வாயிலாக ஏற்படுத்தினார். வங்கியின் முதலாண்டு இலாபத்தைக் கண்டபின் பார்ப்போம் என்று இருந்தாரில்லை! கொடுப்பவர் பெயரும் தொடக்கத்தில் வெளியிடப்படவில்லை.

அக்காலத்து உபகார வேதனங்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கு உரியன. சுவடிச்சாலையிற் புகுந்து நூலெழுதி வருதலே அவற்றின் பயன். கானோ, உயர்நிலைப் பாடசாலையிற் கற்பித்தற்குரிய கடுந்தேர்விற் சித்தியெய்திய இளம் ஆசிரியரைத் தெரிந்து, ஓராண்டுக்கு மேலாகப் பிறநாடுகளிற் சஞ்சரிக்கச் செய்தார். சந்தைக்கும், துறைமுகத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும், கோயிலுக்குஞ் சென்று, மனிதர் எங்ஙனம் வாழ்கின்றனர் என்பதைக் கண்ணாற் கண்டு வருதலே அவர்க்கு விதித்த கடமை.

இதன் அருமை எம்போன்ற தமிழாசிரியர்க்கு நன்கு விளங்கும். மலையும் ஆறும் இல்லாத யாழ்ப்பாணத்திலே நின்றுகொண்டு குறிஞ்சித் திணையைக் கற்பிப்போர் நாம். அருவியைக் கண்டறியாத ஆசிரியர், அருவியைக் கண்டறியாத மாணவனுக்கு அருவியைப் பற்றிப் பொருள் விரிக்கின்றார். உரை பிழையாகாது, ஆயினும் ஒருமுறை மலைநாடு சென்று வந்த ஆசிரியரின் குரல் வேறாயிருக்கும். பிள்ளைகள் அதனை உடனே கண்டுகொள்வர்.

1899இற் புறப்பட்ட பெலிசியன் சாலே என்பவர் தத்துவ ஆசிரியர். சாவகம், இந்தோசீனா, யப்பான் முதலிய நாடுகளைக் கண்டார். இந்தோசீனாவிலே தம் நாட்டவர் அந்நாட்டு மக்களை நடத்திய விதம் அவர் நெஞ்சை உறுத்திற்று. 1905இற் கொங்கோ நாட்டுக் கொடுமைகளை விசாரிக்கச் சென்ற பிராசாவின் குழுவிற் சேர்ந்தார். மீண்டு வந்து உண்மையை எழுதினார். நாகரிகம் பரப்புதல் என்று பாடநூல்கள் புகழ்ந்ததை நேரிற் பார்த்த ஆசிரியர் முன்போலக் கற்பித்தல் இயலுமா? வங்கியாளரின் பணம் வங்கியாளர் எதிர்பாராத பயனையும் விளைத்தது. 1905இற் பெண் ஆசிரியர்க்கும் இப்பரிசில் வழங்கப்பட்டது. அவருள் ஒருவரான ஆன்னா அமியூ பிற்காலத்திற் செவ்ர் நகரத்துப் பெண் ஆசிரியர் கலாசாலையின் தலைவியானார். பிறநாடுகளுக்கும் இது பரவிற்று. இங்கிலாந்தின் பரிசிலைப் பெற்ற கேம்பிரிச்சு ஆசிரியர் லோஸ் டிக்கின்சன் 1912இற் புறப்பட்டு இந்தியா, சீனா, யப்பான் கண்டு, அந்நாகரிகங்களைப் பற்றிய தம் கட்டுரையை 1914இல் வெளியிட்டார்.

ஒரு குறையையுஞ் சொல்லுதல் வேண்டும். பிரான்சிலே கிராமத்துச் சிறுபிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த சாதாரண ஆசிரியர்க்கு இப்பரிசில் எட்டவில்லை. உயர்தேர்விற் தேறியோரே பெற்றனர். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப்பத்திரம் ஒன்றையே கையில் வைத்திருப்போராகிய எமக்கு இது கண்ணிற் படாமற் போகுமா?

பயணஞ் சென்று மீண்டோர் ஒன்றுகூட 1906இல் ஒரு சங்கம் அமைந்தது. பாரிசுக்கு அருகே புலோன் என்னுமிடத்தில், ஏறக்குறைய 10 ஏக்கர் பரப்பிற் கான் வளர்த்த தோட்டமே அதன் இருப்பிடம். பிரான்சியச் சோலை, ஆங்கிலச் சோலை, யப்பானியச் சோலை என்பன அங்கே அடுத்தடுத்து இருந்தன. கவி தாகூரும் 1920இலும் 1921இலும் அங்கு விருந்தினராய் வந்தார். விருந்தளித்தவரோ மாமிசம் உண்ணாதவர். தம்மளவில் எளிய வாழ்வினர்.

1909 தொடக்கம் 1931 வரை, படம்பிடிப்போரை ஏறத்தாழ 50 நாடுகளுக்கு அனுப்பிக் கண்ணாடித் தகடுகளில் 72,000 நிறப்படங்கள் எடுப்பித்தார். (நிறமூட்டிய உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளே அப்படங்களுக்கு வண்ணந் தந்தன.) பூமிசாத்திர அறிஞர் சான் புறூன் இவ்வேலையை நடத்தினார், அவர்க்கெனக் கொலேச் த பிரான்சில் ஓர் ஆசனத்தையுங் கான் 1912இல் நிறுவுவித்தார். நாடுகள் ஒன்றையொன்று அறிந்தாற் போர் தணியும் என்பது அவர் நம்பிக்கை. 1914இற் போர் வந்தது. அதன்பின்னும் அவர் கொடுத்தலை நிறுத்தவில்லை.

நிறுத்தியது 1929இல் நியூயோர்க்குப் பங்குச் சந்தையில் நேர்ந்த வீழ்ச்சி. சில ஆண்டுகளுள் வங்கி முறிந்தது, பரிசில்களும் ஒழிந்தன. 1936இல் அரசாங்கப் பிரிவொன்று தோட்டத்தை வாங்கி, மறு ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பழைய உடைமையாளர் அங்குள்ள தம் இல்லத்திலேயே வசிக்க அனுமதிக்கப்பட்டார். பிறர் தோட்டத்திற் பிறரோடு உலாவினார். 1940 யூன் மாதத்திற் பாரிசு செருமானியர் வசமாயிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதம் 14ஆந் திகதி, எண்பதாம் வயதிற் கான் காலமானார்.

தோட்டமும் கண்ணாடித் தகடுகளும் அவர் பெயர் கொண்ட நூதனசாலையாய் இன்றும் புலோனில் உள்ளன. உலகத்தார் முகங்களையெல்லாம் படம்பிடிப்பித்த அவர், தம்மைப் படமெடுக்க இணங்கியது அரிது. 1914இல் எடுத்த படமொன்றில், தம் வங்கியின் மாடத்திலே தனியே நிற்கின்றார்.