எலிகளை வைத்து நமக்கு டயட் சொன்ன குன்னூர் டாக்டர்: யார் இந்த ராபர்ட் மெக்காரிசன்?

உடுமலைப்பேட்டை பக்கம் ராகி வாங்கப் போனால், தொழு உரம் போட்டு விளைந்தது என்று சொல்லி கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பவர்கள் உண்டு. ஏன் என்றால், சத்து அதிகமாம். ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சாச்சு என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டும் கூடவே வரும். அப்படி ஒரு ஆராய்ச்சி உண்மையிலேயே நடந்தது. அதுவும் நம்ம கோவையில் விளைந்த தானியத்தை வைத்து, 100 வருடங்களுக்கு முன்னால். செய்தவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற ஐரிஷ் டாக்டர். ஆனால் அவர் கண்டுபிடித்ததும், இன்று அவர் பெயரில் சுற்றுவதும் ஒன்றுதானா?

தன் கழுத்தையே பணயம் வைத்தவர்

1878-ல் வட அயர்லாந்தின் போர்ட்டடவுனில் பிறந்தவர் மெக்காரிசன். பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் படித்துவிட்டு, 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சில வருடங்களில் கில்கிட் மலைப் பகுதிக்கு அரசு டாக்டராகப் போனார்.

அங்கே ஒரே நீரோடையை ஒட்டி வரிசையாகச் சில கிராமங்கள். மேலே இருக்கிற ஊரில் கழுத்துக்கழலை குறைவு. கீழே வர வர நோயாளிகள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மேல் ஊரின் அழுக்கெல்லாம் கீழ் ஊரின் குடிநீரில் கலக்கிறது, அதுதான் காரணம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விடவில்லை. அந்தத் தண்ணீரை வடிகட்டி, தேங்கிய கசடைத் தானும் குடித்தார், சில தன்னார்வலர்களுக்கும் கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு அதே கசடைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். கொதிக்க வைக்காததைக் குடித்தவர்களில் சிலருக்குக் கழுத்து வீங்கியது. அவருக்கும்தான். இன்னொரு குழுவுக்கு வீங்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே யோசித்தது பெரிய விஷயம். ஆனாலும் கதை பாதிதான் பிடிபட்டது. மலை மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் குறைவு என்பதுதான் அடிப்படைக் காரணம். அந்தக் குறை எல்லா ஊருக்கும் பொதுவாக இருந்ததால், ஊருக்கு ஊர் ஒப்பிட்டபோது அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். அசுத்தமான தண்ணீர் நோயைக் கூட்டும் துணைக் காரணமாக இருந்திருக்கலாம். கணக்கு சரி, ஆனால் கணக்கில் வராத ஒன்று பின்னால் நின்றது. கழுத்துக்கழலையைப் பெருமளவு குறைத்தது கடைசியில் அயோடின் உப்புதான்.

குன்னூரில் ஒரு எலி உலகம்

முதல் உலகப்போர் முடிந்ததும் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் சத்துக்குறைபாடு ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1923-ல் செலவைக் குறைக்கிறோம் என்று அரசு நிதியை வெட்ட, வேலை நின்றது. 1925-ல் மறுபடி ஆரம்பம்.

அவருடைய மிகப் பிரபலமான சோதனை இதுதான். ஒரே வயது, ஒரே மாதிரி எடை, ஒரே மாதிரி கூண்டு. ஏழு குழுக்கள், ஒவ்வொன்றிலும் 20 எலிகள். ஒரு குழுவுக்கு சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்கு பட்டாணியர் சாப்பாடு, அப்புறம் மராத்தியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, கடைசியாக மதராஸி. முடிவில் சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகளின் சராசரி எடை சுமார் 235 கிராம். நம்ம சாப்பாட்டு எலிகள் சுமார் 155 கிராம்.

இதைப் பார்த்துவிட்டு, அரிசியை விட்டு கோதுமைக்கு மாறணும் என்று முடிவு கட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கதான் சிக்கல். சீக்கியர் தட்டில் முழுக் கோதுமை மட்டுமா இருந்தது? பால், நெய், பருப்பு, காய்கறி எல்லாம் இருந்தது. மதராஸி தட்டில் தீட்டிய அரிசி, பாலும் காய்கறியும் சொற்பம். ஒரே நேரத்தில் அஞ்சாறு விஷயம் மாறினால், வித்தியாசம் எதனால் வந்தது என்று எடை மெஷின் சொல்லாது. சொல்லப்போனால் மெக்காரிசனே முழுத் தானியம், பால், காய்கறி, பழம் என்று மொத்தத் தட்டைத்தான் வலியுறுத்தினார். அரிசியை மட்டும் வில்லனாக்கியது நாமதான். இன்னொன்று, எடை கூடினால் ஆரோக்கியம் என்பது வளர்கிற குட்டி எலிக்குப் பொருந்தலாம். ஐடி கம்பெனியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு?

ராகிக்கு வருவோம்

கோவையில் அரசு வேளாண் வேதியியலாளராக இருந்த பி. விஸ்வநாத்துடன் சேர்ந்து மெக்காரிசன் 1926-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொழு உரத்தில் விளைந்த தானியத்தையும் ரசாயன உரத்தில் விளைந்ததையும் பறவைகளுக்கும் எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். தொழு உரத் தானியம் முந்தியது. கோவையில் 1909-ல் தொடங்கிய நீண்டகால உரப் பரிசோதனை நிலங்கள் இருந்ததால்தான் இப்படி ஒப்பிடவே முடிந்தது.

முடிவு பொய் இல்லை. ஆனால் அது குறிப்பிட்ட சில நிலத் துண்டுகளின், குறிப்பிட்ட விளைச்சலின் முடிவு. எத்தனை எலி என்பதை விட எத்தனை வயல், எத்தனை வருடம் என்பதுதான் இங்கே முக்கியமான எண்ணிக்கை. ஒரே வயலின் ராகியை நூறு எலிக்குக் கொடுத்தாலும் வயல் ஒன்றுதானே! பின்னாளில் மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் எப்போதும் வரவில்லை. மண்ணுக்குத் தொழு உரம் நல்லது என்பதில் சந்தேகமில்லை. தானியத்தில் சத்து எவ்வளவு கூடும் என்பது வேறு கேள்வி.

1933-ல் சர் பட்டம் பெற்ற மெக்காரிசன், 1935-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். குன்னூர் ஆய்வகம் 1950-களின் கடைசியில் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

அதே 1950-களில் சென்னையில் வேறொரு சோதனை நடந்தது. காசநோய்க்கு மருந்தோடு சத்தான சாப்பாடும் ஓய்வும் வேண்டும், அதற்கு சானடோரியத்தில் படுத்தே ஆகணும் என்று டாக்டர்கள் நம்பிய காலம். 193 நோயாளிகளை, யார் எங்கே என்று டாக்டர் தேர்வு செய்யாமல் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மீதிப் பேர் வீட்டுக்கு. மாத்திரை இருவருக்கும் ஒன்றே. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டமாகத்தான் இருந்தது, வேலைக்கும் போனார்கள். 1959-ல் வந்த முடிவில் இரண்டு பக்கமும் குணமானவர்கள் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்த வருடம், 1960 மே மாதம், ஆக்ஸ்ஃபோர்டில் மெக்காரிசன் காலமானார்.