கிராஃப்ட் பீர் எல்லையில் பிறந்த மதுவிலக்கு மனிதர்!

மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறி, தோட்டத்து மூலிகை வாசத்தோட லேசா புளிக்கும் 'வைல்ட் ஏல்' பீரை ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. காத்துலயும் மரத்துலயும் இருக்கும் ஈஸ்ட்தான் அதைப் புளிக்க வைக்குது. நம்ம கள்ளும் தானாப் புளிக்கிறதுதானே! அந்தக் கள்ளை ஆயுள் முழுக்க எதிர்த்தவர், பெங்களூரு பப்களுக்குப் பக்கத்து வீடான ஓசூர்க்காரர். ராஜாஜி!

1878-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் கொடிகட்டிப் பறந்த வக்கீல். தொழிலை உதறிட்டு, 1925-ல் திருச்செங்கோடு பக்கம் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கூலி கள்ளுக்கடைக்கே போறதைப் பார்த்து, குடிக்கு எதிரா 'விமோசனம்' என்று பத்திரிகையே நடத்தினார்.

1937-ல் சென்னை மாகாணத்தின் ஆட்சிக்கு வந்ததும், அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. எல்லையோர ஜவளகிரியும் அப்போ சேலம் மாவட்டம்தான். ஆனா, நாலு எட்டு வெச்சா மைசூர் சமஸ்தானம்; அங்கே இந்தச் சட்டம் செல்லாது. கள்ளு வருமானம் போனதை ஈடுகட்ட, 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். உங்க பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி-யோட தாத்தா அதுதான்!

1971-ல் மதுவிலக்கைத் தளர்த்த அரசு முடிவெடுத்தது. 92 வயசில் முதல்வர் கருணாநிதி வீட்டுக்கே போய், வேண்டாம்னு கேட்டார். பலிக்கலை. 1972 டிசம்பர் 25-ல் காலமானார்.

கிளாஸில் இருக்கும் ருசியை நாம பேசுறோம். வீடு வந்து சேராத கூலியை அவர் பேசினார். ஷிஃப்ட் முடிஞ்சு டாஸ்மாக் வாசலில் நிற்கும் ஓசூரில், அந்தக் கணக்கு இன்னும் தீரலை.