கால் நீட்ட இடம் எங்கே? – காலின் சாப்மன் கதை



ஆறடியைத் தாண்டி வளர்ந்த நண்பன் ஒருத்தன் எல்லா வகுப்பிலும் இருப்பான். தில்லை நகர் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் அவன் முழங்கால் தாடையைத் தொடும். சத்திரம் போகிற டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டின் நடு இடத்தைத் தவிர வேறெங்கும் அவனால் கால் நீட்ட முடியாது. இப்படிப்பட்டவனை ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரில், அதுவும் சொந்தமாகக் கட்டிய ரெப்ளிக்கா காரில், எப்படி உட்கார வைப்பது?

கேட்டால் சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால் இது பெரிய பெரிய இன்ஜினியர்களையே திணற வைத்த கேள்வி. அதைப் புரிந்துகொள்ள அந்தக் குட்டிக் காரைப் பெற்றெடுத்த மனிதரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவர்தான் லோட்டஸ் கார்களின் தந்தை காலின் சாப்மன்.

அரியர் வைத்த மேதை

நம்ம பொன்மலை ரயில்வே பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்து சேர்ந்த அதே 1928-ஆம் ஆண்டு, மே 19-ஆம் தேதி, இங்கிலாந்தின் ரிச்மண்டில் பிறந்தார் சாப்மன். அப்பாவுக்கு லண்டன் ஹார்ன்சி பகுதியில் ரயில்வே ஹோட்டல் என்ற விடுதித் தொழில். பையன் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தார். கவனியுங்கள், ஆட்டோமொபைல் இல்லை, மெக்கானிக்கலும் இல்லை. பாலமும் கூரையும் தாங்குகிற கணக்குதான் அவர் பாடம்.

படிக்கிற காலத்திலேயே ஒரு நண்பரோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கும் வியாபாரம். 1947-ல் இங்கிலாந்து அரசு தனியார் கார்களுக்கான பெட்ரோல் ரேஷனை நிறுத்தியதும் வியாபாரம் படுத்துவிட்டது. விற்காமல் தங்கிப்போனது ஒரே ஒரு பழைய ஆஸ்டின் செவன். அதைப் பிரித்து, புது உடல் கட்டி, 1948-ல் தன் முதல் காராக மாற்றினார். லோட்டஸ் வம்சத்தில் முதல் எண் அந்தக் காருக்குத்தான்.

இந்தக் கூத்தில் படிப்பு என்ன ஆகும்? 1948-ல் டிகிரி கைக்கு வரவில்லை. கடைசிக் கணக்குப் பேப்பரை மறுபடி எழுதி 1949-ல்தான் பாஸானார். அரியர் வைத்திருக்கும் நம்ம பசங்க இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். ஆனால் ஒன்று. மனுஷன் அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதி முடித்தார், அதையும் சேர்த்துப் படியுங்கள்.

பல்கலைக்கழக விமானப் பிரிவில் விமானம் ஓட்டக் கற்றார். பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை பார்த்தார். விமானமும் அலுமினியமும் கட்டுமானக் கணக்கும் ஒரே மண்டைக்குள் போய்ச் சேர்ந்தன. 1952-ல், பின்னாளில் மனைவியான ஹேசலிடம் 25 பவுண்டு கடன் வாங்கி லோட்டஸ் இன்ஜினியரிங் கம்பெனியைத் தொடங்கினார். ஆரம்ப காலப் பட்டறை எங்கே தெரியுமா? அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த குதிரை லாயத்தில்!

எடையே எதிரி

மற்றவர்கள் வேகத்துக்காக இன்ஜின் பவரைக் கூட்டினார்கள். சாப்மன் எடையைக் குறைத்தார். பவர் கூடினால் நேர் ரோட்டில் மட்டும்தான் வேகம். எடை குறைந்தால் கிளம்பும்போதும், திரும்பும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் லாபம். நியூட்டன் விதியை வகுப்பில் நாமும் எழுதுகிறோம், அவர் அதைக் காராகவே கட்டிவிட்டார்.

1957-ல் வந்தது லோட்டஸ் செவன். மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோண முக்கோணமாக வெல்டு செய்த சட்டம். மேலே அலுமினியத் தகடு. கூரை கிடையாது, கதவு என்று சொல்ல எதுவும் கிடையாது. மூன்று மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நீளம். எடை அரை டன்னுக்கும் கீழே. அன்றைய இங்கிலாந்து வரிச் சட்டத்தில் முழுக் காருக்கு விற்பனை வரி, பிரித்த உதிரிகளாக வாங்கினால் அந்த வரி இல்லை. அதனால் பெட்டியில் போட்டுக் கொடுத்து, வீட்டில் நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள் என்று விற்றார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆனால் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அவஸ்தை தெரியும். நடுவில் கியர் பாக்ஸ் சுரங்கம், பக்கத்தில் சட்டக் குழாய். இடையில் கிடைத்த சந்துதான் கால் வைக்கும் இடம். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பூட்ஸ் போட்ட பெரிய கால் ஒரே மிதியில் இரண்டை அமுக்கிவிடும். சாப்மன் அப்படியொன்றும் நெட்டை மனிதர் இல்லை. ஒவ்வொரு அங்குலத்துக்கும் எடை உண்டு என்று நினைத்தவர், ஆளுக்கு ஒதுக்கும் அங்குலத்திலும் சிக்கனம் பார்த்தார்.

படுத்துக்கொண்டே ஓட்டியவர்

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்தச் சிக்கனம் உச்சத்துக்குப் போனது. 1962-ல் வந்த லோட்டஸ் 25-ல் குழாய்ச் சட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டு, தகட்டையே தாங்கும் உடலாக மடித்தார். அதுதான் மோனோகாக். டிரைவர் ஈசி சேரில் சாய்வது போலப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். காற்றுக்கு முன்னால் நிற்கும் பரப்பு குறைந்தது, வேகம் கூடியது. ஒல்லியான ஸ்காட்லாந்துக்காரர் ஜிம் கிளார்க் அந்தக் காருக்கென்றே அளவெடுத்தவர் போல் இருந்தார். 1963-லும் 1965-லும் உலக சாம்பியன் ஆனார்.

அதே 1963-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்துக்கு லோட்டஸ் போனபோது கூட ஓட்டியவர் டான் கர்னி. சாப்மனை முதலில் அந்தப் பந்தயத்தைப் பார்க்க அழைத்துப் போனவரே அவர்தான். ஆறடியைத் தாராளமாகத் தாண்டியவர். பந்தயக் கார் காக்பிட்டுகளோடு அவருக்குக் காலமெல்லாம் மல்லுக்கட்டுதான். 1967 லெ மான் பந்தயத்தில் ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் அவர் ஹெல்மெட்டுக்காகக் கார் கூரையிலேயே ஒரு புடைப்பு வைத்தார்கள். அந்தக் கார்தான் பந்தயத்தை ஜெயித்தது. ஆளுக்காகக் காரை மாற்றினால் வேகம் குறைந்துவிடும் என்பவர்களுக்கு அந்தப் புடைப்பே பதில்.

சாப்மனின் கார்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தன. 1963-லிருந்து 1978 வரை கார் தயாரிப்பாளருக்கான உலகப் பட்டம் ஏழு முறை. கூடவே இழப்புகளும் சேர்ந்தன. 1968-ல் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் இறந்தார். 1970-ல் மோன்சா பயிற்சியில் யோக்கன் ரிண்ட் இறந்தார். இறந்த பிறகு உலக சாம்பியன் ஆன ஒரே டிரைவர் அவர். லோட்டஸ் வேகமான கார், ஆனால் பலவீனமான கார் என்ற பேச்சு டிரைவர்கள் மத்தியில் ஓயவில்லை.

மோன்சா, 1978

1978-ல் லோட்டஸ் 79 எல்லாரையும் ஓரங்கட்டியது. காரின் அடியில் ஓடும் காற்றையே வைத்துக் காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும் வடிவம் அது. டீமில் இரண்டு பேர். அமெரிக்காவின் மரியோ ஆண்ட்ரெட்டி, ஸ்வீடனின் ரோனி பீட்டர்சன். ஆண்ட்ரெட்டி குள்ளம், பீட்டர்சன் நெட்டை.

செப்டம்பர் 10, ஞாயிறு. இத்தாலியின் மோன்சா. காலை வார்ம்-அப் ஓட்டத்திலேயே பீட்டர்சனின் 79 மோதி நொறுங்கியது. ஸ்பேர் 79 ஒன்று இருந்தது. ஆனால் அது ஆண்ட்ரெட்டியின் அளவுக்குத் தயாரானது. பீட்டர்சனின் உடம்பு அதில் சரியாக அடங்கவில்லை. மிச்சம் இருந்தது முந்தைய ஆண்டின் லோட்டஸ் 78. அதில் ஏறினார்.

பின்வரிசைக் கார்கள் முழுதாக நிற்பதற்கு முன்பே ஸ்டார்ட் விளக்கு விழுந்தது. முதல் திருப்பத்துக்கு முன்னால் கார்கள் ஒன்றோடு ஒன்று மோதின. பீட்டர்சனின் கார் தடுப்பில் முட்டித் தீப்பிடித்தது. ஜேம்ஸ் ஹன்ட் உள்ளிட்ட சக டிரைவர்கள் அவரை நெருப்பிலிருந்து இழுத்துப் போட்டார்கள். தீக்காயம் பெரிதில்லை, இரண்டு காலும்தான் பல இடத்தில் நொறுங்கியிருந்தன. எலும்பிலிருந்து கசிந்த கொழுப்பு ரத்தத்தில் கலந்து அடைத்து, மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன் ஆனது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். கொண்டாட யாருக்கும் மனமில்லை.

கார் மாறியதுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. விளக்கைப் போட்டவர், பாதை அமைப்பு, கார் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. உலகத்திலேயே கெட்டிக்கார இன்ஜினியர்கள் இருந்த டீமில், இரண்டு டிரைவரில் ஒருவருக்கு மட்டும் பொருந்தும் ஸ்பேர் கார்தான் இருந்தது.

அதன் பிறகு விதிகள் மெல்ல மாறின. 1988-லிருந்து டிரைவரின் பாதம் முன் அச்சுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்றார்கள். 2019-லிருந்து டிரைவரும் சீட்டும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ என்று கணக்கு வைத்தார்கள். அதனால் உயரமானவர் பட்டினி கிடந்து எடை குறைக்கும் கொடுமை தணிந்தது.

சாப்மனின் கடைசிக் காலம் நிம்மதியாக இல்லை. டிலோரியன் கார் கம்பெனிக்காக லோட்டஸ் செய்த வேலையில் பெரும்பணம் காணாமல் போன விவகாரம் சூழ்ந்தது. அதில் லோட்டஸின் நிதி அதிகாரி பின்னாளில், 1992-ல், சிறைக்கே போனார். சாப்மன் விசாரணையைப் பார்க்கவில்லை. 1982 டிசம்பர் 16-ல் மாரடைப்பு. வயது 54.

செவன் சாகவில்லை

ஆனால் அந்தக் குட்டிக் கார் அவரோடு போகவில்லை. 1973-லேயே அதன் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கிவிட்டது. 1996-ல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர், குறைந்த செலவில் வீட்டிலேயே இதுபோன்ற கார் கட்டுவது எப்படி என்று புத்தகம் எழுத, உலகமெங்கும் கார் ஷெட்டுகளில் வெல்டிங் பொறி பறந்தது. நம் நாட்டிலும் அலிபாகில் சின்காரா மோட்டார்ஸ் அதே சாயலில் ரோட்ஸ்டர் கட்டியது. எல்லா ரெப்ளிக்காவிலும் அதே பழைய வியாதி: நெட்டைக்கு இடமில்லை!

வைத்தியம் என்ன? முதலில் செலவில்லாதது. சீட்டைக் கழற்றிவிட்டு, டிரைவரை ஃபோம் மேல் உட்கார வைத்து அவர் உடம்பு அச்சிலேயே சீட் வார்ப்பது. சீட்டின் தண்டவாளம் போனாலே ஒரு அங்குலம் லாபம். சின்ன ஸ்டீயரிங் போட்டால் தொடைக்கு இடம் கிடைக்கும். கழற்றி மாட்டும் ஸ்டீயரிங் என்றால் ஏறி இறங்கலாம். ஷூவை மெல்லிய அடிப்பாகம் உள்ளதாக மாற்றலாம்.

அடுத்தது, தரைத் தகட்டை இறக்குவது. தலை இறங்கும், ஆனால் நம்ம ஊர் வேகத்தடையில் அடிவயிறு உரசும். மூன்றாவது, சட்டத்தையே பெரிதாக்குவது. கேட்டர்ஹாம் 2000-ல் சுமார் 11 செ.மீ. அகலம் கூடிய சட்டத்தைக் கொண்டுவந்தது. வீட்டில் கட்டுகிறவர்களில் சிலர் அகலம் 4, நீளம் 4, உயரம் 2 அங்குலம் என்று வரைபடத்தையே பெருக்கிக்கொண்டார்கள். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். டிரைவர் உட்காரும் கட்டம் திறந்த பெட்டி, அங்கே முக்கோணக் குழாய் போட இடம் இல்லை. முறுக்கு விசைக்குச் சட்டம் முதலில் வளைவது அங்கேதான். அந்தக் கட்டத்தை நீட்டினால் பக்கவாட்டிலும் சுரங்கத்திலும் வலுவூட்டியே ஆக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கடைசிச் சோதனை ஒரு நேரான குச்சி. ரோல் பாரின் உச்சியிலிருந்து காரின் முன்பக்கக் கெட்டியான இடத்துக்குக் குச்சியைச் சாய்த்து வையுங்கள். ஹெல்மெட் அதைத் தொடக் கூடாது. தொட்டால், கார் கவிழும்போது தரையை முதலில் தொடுவது தலைதான். வேறு எந்த வசதி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நம் தமிழ்நாட்டிலும் இந்த வழியில் நடந்த ஒருவர் உண்டு. கோவையின் எஸ். கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் கட்டி, நம்ம பிள்ளைகள் கைக்கு எட்டும் செலவில் பந்தயத்தைக் கொண்டுவந்தார். 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையம் பந்தயப் பாதை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதே கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் ஒருவன் பி.எச்.இ.எல்.லில் மேடை கட்டுவான், ஒருவன் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் வரிசை போடுவான், ஒருவன் லேத் பக்கத்தில் ஆபரேட்டர் நிற்க இடம் விடுவான். எல்லா டிராயிங்கிலும் மில்லிமீட்டர் சுத்தமாக அளவு போடக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அதில் மனுஷனுக்கும் ஓர் அளவு இருக்கிறது. எடையைக் குறைக்கும் வித்தையை சாப்மனிடம் கற்றுக்கொள்வோம். ஆளை முதலில் அளந்துவிட்டு அப்புறம் குழாயை வெட்டும் புத்தியை, அந்த மோன்சா ஞாயிற்றுக்கிழமையிடம் கற்றுக்கொள்வோம்.

– இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு