தம் வலிமை அறிந்த நாவலர் பெருமான்

உலகத்திலே அறிதற்கு அரியவை பல. அவற்றுள் மிக அரியது ஒருவன் தன்னைத் தானே அறிவதாகும். அயலவனுடைய குறைகளை எண்ணிச் சொல்ல நமக்கு ஆசான் வேண்டியதில்லை. ஆனால் நமக்கு இயல்பாய் அமைந்த ஆற்றல் யாது, நம்மால் ஆகாதது யாது என்று எவரேனும் வினவினால் நம்மிற் பலர் விடையின்றித் திகைப்போம். இதனாலன்றோ திருவள்ளுவனார் வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார்! செய்யத் தொடங்கும் காரியத்தின் வலிமை, தன்னுடைய வலிமை, எதிர்நிற்பவரின் வலிமை, துணைநிற்பவரின் வலிமை ஆகிய நான்கையும் தூக்கிப் பார்த்த பின்பே ஒருவன் செயலில் இறங்கவேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. அவ்வதிகாரத்தையும் கொண்ட திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு 1861ஆம் ஆண்டில் பதிப்பித்து வழங்கியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அந்நெறிக்கு அவரது வாழ்வே ஓர் உரையாகும்.

நாவலர் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே யாழ்ப்பாணத்து நல்லூரிற் கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்ப் பிறந்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். தந்தையார் எழுதி முடிக்காது விட்டுச்சென்ற நாடகத்தைச் சிறுவரான ஆறுமுகமே எழுதி முடித்தார் என அவர் சரித்திரம் கூறுவோர் சொல்வர். விளையும் பயிர் முளையிலே தெரியும் அல்லவா? சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, பின் அங்கேயே ஆசிரியருமானார். அதன் தலைவராயிருந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்குப் பெருந்துணையாக நின்றார்.

இந்த ஆண்டுகள் நாவலருக்குத் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் காலமாயின. ஆங்கில நூல்களின் வசன அமைதியையும், அச்சு யந்திரத்தின் வல்லமையையும், வகுப்பு வகுப்பாய்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே அவர் கிட்ட நின்று கண்டார். பாதிரிமாருடைய வெற்றிக்கு வேராயிருந்தவை பாடசாலை, அச்சகம், பிரசங்கம் என்னும் மூன்றுமே. அம்மூன்றுக்கும் வேண்டிய தகுதி தம்மிடத்தும் இருத்தலை அவருடைய பின்னைய செயல்கள் காட்டுகின்றன. எதிர்நிற்பவரை இகழ்ந்து பேசுவோர் பலர். அவரிடத்துள்ள திறமையை அளந்து, அதனோடு தம் திறமையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் சிலரே. நாவலர் அச்சிலருள் ஒருவர்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவரது பிரசங்கம் தொடங்கியது. நண்பர் கார்த்திகேய ஐயரும் அவருடன் பிரசங்கப் பணியிற் பங்குகொண்டார். துணைவலி அறிந்த செயல் இது. மறு ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே ஆண்டில் பேர்சிவலிடத்து வகித்த உத்தியோகத்தைத் துறந்தார். நிலையான சம்பளம், மதிப்பான பதவி, அன்புடைய தலைவர் ஆகிய மூன்றையும் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் விடுவது சிறு காரியமா? இல்வாழ்க்கையையும் அவர் மேற்கொள்ளவில்லை. கைப்பொருள் இல்லாத அவர் பிடியரிசி திரட்டியும், அன்பர்களிடம் நன்கொடை வேண்டியும் பள்ளியை நடத்தினார். பொருளின்மை தம் குறை என்பதை அறிந்து, அதற்கு ஊராரையே துணையாக்கிக்கொண்டார்.

1849ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னைக்குப் பிரயாணமானார். அப்பயணத்திலே திருவாவடுதுறை ஆதீனத்திற் சைவப் பிரசங்கம் செய்து, நாவலர் என்னும் பட்டத்தைப் பெற்றார். வாங்கி வந்த யந்திரம் வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையாக உருவெடுத்தது. பாலபாடங்களும் சைவ வினாவிடையும் பெரியபுராண வசனமும் அவரால் தமிழ் மக்களுக்குக் கிடைத்தன. பிற்காலத்திலே, 1864ஆம் ஆண்டில், சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

இங்கே இளைஞர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்காலத்திலே புலவர் என்றால் செய்யுள் இயற்றுபவர் என்பதே வழக்கு. நாவலரும் செய்யுள் பாட வல்லவரே. எனினும் தம் உழைப்பின் பெரும்பகுதியை அவர் வசனத்துக்கே கொடுத்தார். சிறுபிள்ளையும் வாசித்து விளங்கும் தெளிந்த நடையிலே, நிறுத்தக் குறிகளை ஒழுங்குற இட்டு எழுதினார். ஊரார் புகழும் திறமை எது என்று பாராது, தம் கைக்கு இயல்பாய் அமைந்ததும் மக்களுக்கு வேண்டியதுமாகிய திறமை எது என்று பார்த்தமையால், தமிழ் வசனநடை அவராலே புதுவாழ்வு பெற்றது.

அவர் தொட்டதெல்லாம் துலங்கிற்று என்று நாம் சொல்லலாகாது. 1872ஆம் ஆண்டில் சைவப் பிள்ளைகளுக்கென அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருள் முட்டுப்பாட்டாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. காரியத்தின் வலிமைக்குத் துணைவலி போதாமற் போயிற்று. சாதி ஒழுங்கைப் பற்றிய அவருடைய கொள்கையும் இன்று நாம் ஏற்கத்தக்கதன்று. அறிவிற் சிறந்த பெரியாருக்கும் தம் காலத்து வழக்கம் கண்ணை மறைத்தல் கூடும். தன்னைத் தான் மட்டுமே சோதித்தால் போதாது, பிறர் கண்ணாலும் சோதித்தல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

மன்னார் மாவட்டத்தவராகிய நமக்கு நாவலரோடு தனிப்பட்ட ஓர் உறவு உண்டு. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிப் பரவிய திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, மாதோட்டத்துக் காட்டினுள்ளே மறைந்து கிடந்தது. அதனைப் புதுப்பிக்கவேண்டும் என்று 1872ஆம் ஆண்டிலே சைவ மக்களுக்கு எழுத்து மூலம் அறைகூவியவர் நாவலரே. அப்பொழுது அவர் ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். காடு வெட்டவும் கோயில் கட்டவும் வேண்டிய பொருள் அவர் கையில் இல்லை, எழுதுகோல் இருந்தது. இருந்ததைக் கொடுத்தார்.

அதன் பின் வந்த பஞ்சத்திலே, 1876, 1877ஆம் ஆண்டுகளில், கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் பசி தீர்த்தார். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிவபதம் அடைந்தார். திருக்கேதீச்சரத்திலே ஒரு கல்லேனும் நடப்பட்டதை அவர் கண்டாரல்லர். ஆயினும் 1893ஆம் ஆண்டில் கோயிற் காணி வாங்கப்பட்டது. 1903ஆம் ஆண்டிலே சிறிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டில் திருப்பணிச் சபை தோன்றியது. போர்க்காலத்து இடர்களையும் கடந்து, 2022ஆம் ஆண்டிலே மீண்டும் குடமுழுக்குக் கண்டோம். காணிக்குப் பணம் கொடுத்தவர், கல் சுமந்தவர், சிற்பம் செதுக்கியவர், கணக்கு எழுதியவர் என ஒவ்வொருவரும் தத்தம் வலிமையைக் கொடுத்தமையால் அன்றோ இன்று பாலாவிக் கரையிலே நாம் கைகூப்பி நிற்கின்றோம்!

சங்கத்து இளைஞர்காள்! ஆண்டுக்கொரு முறையேனும் ஓர் ஏட்டை எடுத்துத் தனியே இருந்து எழுதிப் பாருங்கள். எந்த வேலையைச் செய்யும்போது எனக்குக் களைப்புத் தோன்றுவதில்லை? எதற்காகப் பிறர் என்னை நாடி வருகின்றனர்? எதனை வெறும் புகழாசையாற் செய்கிறேன்? என்னிடம் இல்லாதது எவரிடம் உண்டு? எழுதியதை உங்களை நன்கறிந்த பெரியவர் ஒருவரிடமும், உங்களை முகத்துக்கு நேரே கண்டிக்கும் நண்பர் ஒருவரிடமும் காட்டுங்கள். பின்பு சிறியதொரு பணியிலே அத்திறமையைச் சோதித்துப் பாருங்கள். பண்ணோடு தேவாரம் பாடும் குரல் ஒருவருக்கு. சிவராத்திரிக்கு வரும் அடியார் கூட்டத்தை ஒழுங்குசெய்யும் பொறுமை ஒருவருக்கு. இயந்திரம் திருத்தும் கை ஒருவருக்கு. சிறுவருக்குக் கணிதம் சொல்லும் நா ஒருவருக்கு. இவற்றுள் தாழ்ந்தது ஒன்றுமில்லை.

பெரியோர்களே! பிள்ளைகள் எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க முயலாதீர்கள். வைத்தியரும் எந்திரியும் ஆகாத பிள்ளையிடத்தும் ஓர் ஆற்றல் உறங்கிக் கிடக்கும். அதனை எழுப்புவது உங்கள் கடன். நாவலருடைய நாளைக் கொண்டாடும் நாம் நம் வலிமையை அறிந்து, அதனை ஊருக்குக் கொடுப்போமாயின், அதுவே அப்பெரியாருக்குச் செய்யும் மெய்யான வழிபாடாகும்.