மண்ணை ஆராய்ந்த கலைஞானி

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையில் மணல் கருமை படர்ந்து கிடக்கின்றது. இல்மனைற், உருத்தைல், சிர்க்கோன் என்பவற்றோடு சிறிதளவு மொனசைற்றும் அதிற் கலந்துள்ளது. சீரியம், இலந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் உலோகங்களுக்கு மொனசைற் ஓர் உறைவிடம். ஈழத்தின் இத்தகைய மண்வளத்தை விஞ்ஞான முறையில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர், கலையுலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி.

1877 ஆகஸ்ட் 22 ஆம் நாள், சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் எலிசபெத் என்னும் ஆங்கில மாதுக்கும் கொழும்பிலே பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்திலே வளர்ந்தார். லண்டனிற் புவிச்சரிதமும் தாவரவியலும் கற்று 1900 இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக விளங்கினார்.

சப்பிரகமுவையிற் கிடைத்த கனத்த கரிய கனிப்பொருளொன்றை யுரேனினைற் எனக் கருதி அவர் ஆராய்ந்தார். லண்டனிலே அதனைப் பகுத்து நோக்கிய டன்ஸ்ரன், பெரும்பகுதி தோரிய ஒட்சைட்டே எனக் கண்டு, 1904 இல் தோரியனைற் எனப் பெயரிட்டார். அக்காலத்து வாயு விளக்கின் வலைத்திரிக்குத் தோரியமும் சிறிது சீரியமும் இன்றியமையாதன. ஆதலால் அக்கனிப்பொருள் மேல்நாட்டிலே பெரிதும் வேண்டப்பட்டது.

கல்லைத் தேடிக் கிராமந்தோறும் நடந்தவர், கைவினைஞரின் தொழில் நலிவதையும் கண்டார். இறக்குமதிப் பண்டம் வந்தது; உள்ளூர் உலைக்களம் அவிந்தது. அத்துயரே அவரைக் கலையாராய்ச்சிக்குத் திருப்பியது. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908 இல் வெளிவந்தது. 1917 இல் பொஸ்ரன் அரும்பொருட்சாலையிற் பணியேற்றவர், 1947 செப்டெம்பர் 9 ஆம் நாள் அமெரிக்காவிலேயே மறைந்தார்.

அவர் காலத்துக்குப் பின்னரே அருமண் உலோகங்களின் பேராற்றல் வெளிப்பட்டது. அவை பிற உலோகங்களோடு குறித்த விகிதத்தில் ஒழுங்குறச் சேரும்போது, வெறும் கலவையில் இல்லாத பண்புகள் தோன்றுகின்றன. ஓர் இலந்தன அணுவுக்கு ஐந்து நிக்கல் அணு சேர்ந்த சேர்வை, ஐதரசன் வாயுவை உறிஞ்சி வைத்து, வேண்டும்போது விடுவிக்கின்றது. 1960களிற் சமாரியமும் கோபாற்றும் சேர்ந்து வலிய காந்தமாயின. 1980களில் நியோடிமியம், இரும்பு, போரன் மூன்றும் சேர்ந்து அதனினும் வலிய காந்தத்தைத் தந்தன. இன்று மின்வண்டியும் காற்றாலையும் அதனால் இயங்குகின்றன.

மூலப்பொருளின் பெருமை, அதனை உருவாக்குவோன் அறிவிலும் கையிலுமே நிறைவுறுகின்றது. இது குமாரசுவாமி கைவினைஞரிடம் கண்ட உண்மை. மணலைக் கப்பலேற்றி, அதிலிருந்து பிறந்த பொருளைப் பன்மடங்கு விலைக்கு வாங்கும் நாடு அவ்வுண்மையை இன்னும் முற்றாகக் கற்கவில்லை. நம் மாணவர் அவரது கலைநூல்களோடு கனிப்பொருள் ஆய்வுகளையும் சேர்த்துப் பயில்வார்களாயின், அந்தக் கல்வி இந்த மண்ணிலிருந்தே தொடங்கும்.