ஹொலோவே வீதியின் மாடிவீட்டில் ஜோ மீக்

ஹைகேட் முருகன் கோவிலுக்கு 43ஆம் இலக்க பஸ்ஸில் போய்வரும் எங்கள் வடலண்டன் குடும்பங்கள் ஹொலோவே வீதியை எத்தனையோ தடவை கடந்திருக்கும். அந்த வீதியின் 304ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு நினைவுப்பலகை இருக்கிறது. கீழே கடை, மேலே மாடி. நாங்களும் பல வருடங்கள் நிமிர்ந்து பார்க்காமலேதான் போய்வந்தோம். 1962இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த ஓர் இசைத்தட்டு அந்த மாடியில்தான் உருவானது. உருவாக்கியவர் பெயர் ஜோ மீக்.

1929 ஏப்ரல் 5ஆம் திகதி, இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் பகுதியில் நியூவென்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் சின்ன வயதிலிருந்தே அவருடைய விளையாட்டு. விமானப்படையில் கட்டாயச் சேவை செய்தபோது ராடார் வேலை. பிறகு மின்சாரச் சபையில் ஓர் உத்தியோகம். ஐம்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் சேர்ந்தார். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது, எந்த வாத்தியமும் ஒழுங்காக வாசிக்கவும் வராது. அவருடைய வாத்தியம் மின்சுற்றுத்தான்.

அந்தக் காலத்து ஒலிப்பதிவாளரின் கடமை, நடந்ததை நடந்தபடி பதிவதுதான். பெரிய கூடங்களில் தொழில்நுட்பவியலாளர்கள் வெள்ளை மேலங்கி அணிந்து வேலை செய்தார்கள். ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்கும் விதி இருந்தது. மீக்குக்கு அந்த விதிகள் ஒத்துவரவில்லை. 1956இல் ஹம்ப்ரி லிட்டில்டனின் ஜாஸ் குழு வாசித்த ‘பாட் பென்னி புளூஸ்’ என்ற இசையைப் பதிந்தபோது, பியானோவின் கீழ்ச்சுரங்களை வேண்டுமென்றே அமுக்கித் தடிப்பாக்கினார். பின்னணியில் கிடக்கவேண்டிய டிரம் தட்டலை முன்னுக்குக் கொண்டுவந்தார். பதிவு முடிந்தபின் குழுத்தலைவரே கேட்டிருந்தால் மறுத்திருப்பார். அவர் கேட்க முன்னரே இசைத்தட்டு வெளிவந்து, முதல் இருபதுக்குள் போய்விட்டது.

இதில் ஈக்குவலைசரின் பங்கைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் வீட்டு ரேடியோவில் ‘பாஸ்’, ‘ட்ரெபிள்’ என்று இரண்டு திருகிகள் இருந்தனவே, அதன் அண்ணன் என்று வையுங்கள். ஒலியின் அதிர்வெண்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேண்டியதைக் கூட்டவும் வேண்டாததைக் குறைக்கவும் உதவும் சுற்று அது. அதற்குச் ‘சமப்படுத்தி’ என்று பொருள்படும் பெயர் வந்தது தொலைபேசியிலிருந்து. நீண்ட கம்பியில் போகும்போது உயர்ந்த அதிர்வெண்கள் அதிகமாகத் தேய்ந்துபோகும். தேய்ந்ததை மீட்டு எல்லாவற்றையும் சமநிலைக்குக் கொண்டுவரத்தான் பொறியியலாளர்கள் முதலில் இதைச் செய்தார்கள். அப்படிச் செய்தும் தொலைபேசியில் சுமார் 300 முதல் 3400 ஹேட்ஸ் வரைதான் போகும். ஆண்குரலின் அடித்தளம் 100 ஹேட்ஸ் அளவில் இருக்கிறது. காட் சுரண்டி ஊருக்கு எடுத்த அந்த நாட்களில் அப்பாவின் குரல் மெலிந்து கேட்க, என்ன வருத்தமோ என்று இங்கே இருந்து ஏங்கியவர்கள் எங்களில் பலர். அதில் பாதி கம்பி செய்த வேலை.

தொலைபேசிக்காரர் இழந்ததை மீட்கப் பாவித்த கருவியை, இல்லாததை உருவாக்கப் பாவித்தவர்களில் மீக் ஒருவர். அறுபதுகளின் பிள்ளைகள் பாட்டுக் கேட்டது கையடக்க ட்ரான்சிஸ்டரில். அதன் சின்ன ஒலிபெருக்கியில் ஆழமான பாஸ் கேட்காது. கூடத்தில் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அங்கே வெறும் இரைச்சல்தான். ஆனால் 2000 முதல் 4000 ஹேட்ஸ் வரையான பகுதி எங்கள் காதுக்கு மிகவும் கூர்மையாக விழும். குரலில் அந்தப் பகுதியை உயர்த்தி, 200, 300 அளவில் குவியும் மந்தத்தைக் குறைத்தால், பாடுபவர் பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருக்கும். கூட்டுவதைவிடக் குறைப்பதே பெரிய கலை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மீக் குறைக்கும் ரகமல்ல. கூட்டினால் கடைசி வரை கூட்டுவார். ஊசி துள்ளிவிடும் என்று இசைத்தட்டு வெட்டுபவர்கள் முறையிடும் அளவுக்கு.

முதலாளிகளோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, ஒரு தோல்பொருட் கடைக்கு மேலே இருந்த 304ஆம் இலக்க மாடிவீட்டை வாடகைக்கு எடுத்தார். வீடு முழுக்க வயர். சொந்தமாகச் செய்த ஈக்குவலைசர், பழைய ஹீட்டரின் சுருள்கம்பியால் செய்த எதிரொலிக் கருவி. பாடகரைக் குளியலறையில் நிறுத்துவார், வயலின்காரரைப் படிக்கட்டில் இருத்துவார். 1964இல் ஹனிகோம்ப்ஸ் குழுவின் பாட்டுக்கு எல்லோரையும் மரப்படியில் காலால் உதைக்கச் சொல்லி, கைப்பிடியில் ஒலிவாங்கிகளைக் கட்டிப் பதிந்தார். அதுவும் முதலிடம். கீழே இருந்த வீட்டுக்கார அம்மா தும்புத்தடியால் கூரையில் இடிப்பாராம்.

1962 ஜூலையில் டெல்ஸ்டார் செய்மதி விண்ணுக்குப் போனது. அதே பெயரில் மீக் ஒரு மெட்டை அமைத்தார். டொர்னாடோஸ் குழு வாசிக்க, கிளாவியொலின் என்ற சிறிய மின்விசைப்பலகையின் கீச்சுக்குரல் அதற்கு மேல் ஏறியது. ஓகஸ்டில் வெளிவந்து, ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவிலும் முதலிடம். பிரித்தானியக் குழு ஒன்று அங்கே அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. பீட்டில்ஸ் அங்கு போய்ச் சேர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது.

ஆனால் அந்தப் பணம் அவர் கைக்கு வரவேயில்லை. தன் படமொன்றின் இசையைத் திருடியதாக ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குப் போட, உரிமைத்தொகை முழுவதும் முடக்கப்பட்டது. அந்தப் படமோ 1965 வரை பிரித்தானியாவில் திரையிடப்படவே இல்லை.

1963இல் வேறோர் இடி. ஒருபாலுறவு அப்போது இந்த நாட்டில் குற்றம். பொதுக் கழிப்பறையொன்றில் பொலிஸ் பிடித்து, 15 பவுண் தண்டம். தொகை சின்னது, பேப்பரில் பெயர் வந்தது பெரியது. அதன்பின் மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு அவர் பயந்து வாழ்ந்தார். (1883இல் இதே ஆட்சி எங்கள் தீவின் தண்டனைக் கோவையிலும் அந்தக் குற்றத்தை எழுதிவைத்தது. எங்கள் வீடுகளிலும் பேசப்படாமல் அமுக்கி வைக்கப்பட்ட கதைகள் உண்டு.) கடன் ஏறியது, மாத்திரைகள் கூடின. சுவருக்குள் ஒலிவாங்கி வைத்துப் போட்டியாளர்கள் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நம்பத் தொடங்கினார்.

1967 பெப்ரவரி 3ஆம் திகதி, வீட்டுக்கார அம்மாவைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 37. மீக்கைப் புகழ்பவர்கள் அந்தப் பெண்ணை ஒரு வரியில் தாண்டிப் போவதை நாங்கள் பல தடவை வாசித்திருக்கிறோம். இரவுபகலாக அந்தச் சத்தத்தைச் சகித்து, வாடகை பிந்தியும் அவரை அங்கே இருக்கவிட்டவர் அவர். மீக்கின் காது எவ்வளவு பெரியதென்றாலும் அந்தக் கொலை சிறியதாகாது.

மூன்று வாரத்தில் வழக்கு மீக்கின் பக்கம் தீர்ந்தது. ஜூலையில் அந்தச் சட்டமும் தளர்ந்தது.

வீட்டில் எஞ்சிய ஒலிநாடாக்கள் 1,800க்கும் மேல். அவற்றைத் தேயிலைப் பெட்டிகளில் அடுக்கி 300 பவுணுக்கு விற்றார்கள். வாங்கியவர் கிளிஃப் கூப்பர். பின்னாளில் ஒரேஞ்ச் என்ற அம்ப்ளிஃபயர் கம்பனியைத் தொடங்கியவர். அரை நூற்றாண்டுக்கு மேல் பெட்டியிலேயே கிடந்த அந்த நாடாக்களை 2020இல் செரி ரெட் என்ற லண்டன் இசைத்தட்டு நிறுவனம் வாங்கியது. தேயிலைப் பெட்டி நாடாக்கள் என்ற பெயரிலேயே அவை இப்போது ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.